மாமாவுக்கு அடுக்கிய விறகு

உயிரோடு இருக்கிற மாமனாருக்கு விறகு அடுக்கி வைத்த மருமகள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். ஊர் அப்படித்தான் பேசுகிறது. பேசிவிட்டுப் போகட்டும். கேட்டவர் அவர். பிளந்து, சுமந்து, அடுக்கியவள் நான். முதுகு வலித்ததும் எனக்குத்தான், ஊருக்கு இல்லை.

மாமாவின் பெயர் பச்சமுத்து. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலமெல்லாம் கரும்பு வெட்டிய மனிதர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பில் பாதி தன் கைபட்டது என்று சொல்லிக்கொள்வார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மாமாவும், எட்டாவது படிக்கிற என் மகள் பாரதியும்தான். நான் நூறு நாள் வேலை இருந்தால் அதற்குப் போவேன், இல்லாவிட்டால் களை வெட்டப் போவேன்.

எல்லாம் மாமியார் இருசம்மாளின் சாவில் ஆரம்பித்தது. அவர் போனது ஒரு கார்த்திகை மாதம். நான்கு நாளாக விடாத மழை. சாவு வீட்டில் யாரும் விறகைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. வண்டியில் வந்து இறங்கியதுதான் விறகு. சின்னசேலம் ரோட்டில் கண்ணாயிரத்தின் விறகுத்தொட்டியிலிருந்து அரை டன் வந்தது. அவன் எடைக்குத்தான் விற்பான். ஈரம் இருந்தால் எடை ஏறும் என்று நல்ல வெயில் காலத்திலேயே சாயங்காலம் ஓஸ் பைப்பைப் பிடித்துக் குவியலை நனைப்பான், கேட்டால் கரையானுக்கு என்பான். மழைக்காலத்தில் அவனுக்கு அந்த வேலையும் மிச்சம்.

அன்றைக்குப் பற்றவைத்த நெருப்பு பாதியில் அவிந்துவிட்டது. ஆண்கள் இருட்டின பிறகு திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் குளித்தார்கள். மறுநாள் காலையில் பழைய டயரும் டீசலும் இரண்டு கிலோ சர்க்கரையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனார்கள். மாமாவும் போனார். அங்கே எதைப் பார்த்தார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இருசம்மாளுக்கு மனசுல ஏதோ கொற இருந்திருக்கு, அதான் வேகல" என்று தெருவில் பேசினார்கள். மாமா வாசலில் நின்று, அவளுக்கு ஒரு குறையும் இல்லை, விறகுதான் பச்சை என்று கத்தினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பங்குனியில் ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டு வட்டாவைக் கீழே வைத்தார்.

"மணி, நானும் மழைலதான் போவேன். எனக்கு நெஞ்சுல சளி கட்டிக்கினா அவ்ளோதான். இப்பவே காயப் போட்ரு."

"இன்னாத்த மாமா காயப் போடறது?"

"வெறவு."

எனக்கு உடம்பு கூசிப்போனது. சாவுக்கு வேண்டியதை யாரும் முன்கூட்டி வாங்குவதில்லை. கோடித் துணியைக்கூட மூச்சு நின்ற பிறகுதான் வாங்குவார்கள். அதை எடுத்துச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, நான் திரும்பினதும் சுவர் ஓரம் துப்ப ஆரம்பித்தார். பெருக்கும்போது ஐந்து மாத்திரை கிடைத்தது. அப்படிப்பட்ட பிடிவாதம். சரி, உங்களுக்கு விறகுதானே வேண்டும், தேடுகிறேன் என்று சொன்னேன்.

தேடுகிறேன் என்று சொல்வது சுலபம். கண்ணாயிரத்தின் தொட்டிக்குப் போக எனக்கே மனசு வரவில்லை, விலையும் கட்டாது. மர அறுப்பு மில்லில் விழுகிற ஓரப்பலகை விலை கம்மிதான், ஆனால் அது குப்பென்று பிடித்து அணைந்துவிடும், இட்லி அவிக்கத்தான் ஆகும். கல்வராயன் மலையில் என் சித்தி மகள் கட்டிக்கொண்டு போன ஊர் இருக்கிறது. அங்கே கால் வைத்த இடமெல்லாம் விறகு. ஆனால் சுள்ளிக் கட்டைத் தாண்டி ஒரு கட்டைகூட செக்போஸ்ட் தாண்டாது. மலை எங்கள் வாசலிலிருந்து தெளிவாகத் தெரியும். பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

கடைசியில் ராஜாங்கத்தின் கொல்லையில் ஒரு கருவேலமரம் அகப்பட்டது. அவர் எங்கள் ஊரில் ஏழெட்டு ஏக்கர் வைத்திருப்பவர். கிணற்று மேட்டில் நின்ற அந்த மரத்தின் நிழலில் அவருடைய மரவள்ளி சரியாக வரவில்லை. காசு வேண்டாம், வேரோடு எடுத்துவிட்டுக் குழியை மூடி, முள்ளை வாரி, கொல்லையைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார். இரண்டு ஆள் கூலி மிச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மரம் சும்மா வந்தது என்று மாமா நினைத்துக்கொண்டார். அந்தக் கூலி யாருடைய தோளில் இருந்து போகிறது என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை.

சித்திரை வெயிலில் அந்த மரத்தை எடுத்தோம். மரம் அறுக்கிற வெங்கடேசன் மிஷின் வாள் கொண்டுவந்து அரை நாளில் சாய்த்துத் துண்டு போட்டுக் கொடுத்தான். மீதி எனக்கு. விடியற்காலையில் ஒரு மணி நேரம், வேலைக்குப் போய் வந்த பிறகு ஒரு மணி நேரம், கோடாலியும் இரும்பு ஆப்புமாக இருபத்தைந்து நாள் பிளந்தேன். பச்சைக் கருவேலம் கோடாலியைக் கவ்விக்கொள்ளும், விடாது. முள் குத்தி இடது குதிகால் வீங்கி, ஒரு வாரம் நொண்டினேன். மாமா கட்டிலை வெளியே போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, பழைய கரும்பு வெட்டும் கத்தியால் ஒவ்வொரு துண்டாகப் பட்டையை உரித்தார். பட்டை இருந்தால் உளுத்துப்போகும், உள் ஈரமும் போகாது என்றார். ஒரு துண்டு உரிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும், நடுவில் இரண்டு தடவை இருமல் வரும். வேண்டாம் மாமா என்றால் முறைப்பார்.

மாமியார் சாவுச் செலவுக்கு ஆடுகளை விற்றதில் ஆட்டுக்கொட்டாய் காலியாகக் கிடந்தது. மேலே தகரம், நாலு பக்கமும் காற்று. தரையில் செங்கல் வைத்து, குறுக்கே மூங்கில் போட்டு, அதன் மேல் அடுக்கச் சொன்னார். நெருக்கி அடுக்கினால் திட்டுவார், துண்டுக்குத் துண்டு விரல் நுழைய வேண்டும். நாலு வரிசை, என் தோள் உயரம். முன் வரிசையில் அவர் கண்ணுக்கு நேராக இருந்த ஒரு பருத்த கட்டைக்கு மட்டும் முனையில் சுண்ணாம்பு தடவினார். அதை மாதம் ஒருமுறை எடை போட வேண்டுமாம். எந்த மாதம் எடை குறையாமல் நிற்கிறதோ அப்போது விறகு காய்ந்துவிட்டது என்று அர்த்தமாம்.

இரண்டு வீடு தள்ளி விஜயலட்சுமி வீட்டில் மக்காச்சோளம் வாங்கிப் போடுகிற வியாபாரம், தராசு இருக்கிறது. மாதப் பிறப்பானால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல அந்தக் கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். சித்திரையில் ஒன்பது கிலோ இருந்தது. வைகாசியில் எட்டரை, ஆனியில் எட்டுக்கும் கீழே. அதே மாதங்களில் ஆஸ்பத்திரியில் மாமாவையும் மிஷினில் ஏற்றி நிறுத்தினார்கள், அவரும் குறைந்துகொண்டுதான் வந்தார். எனக்கு எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது, எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை.

கட்டையை எதற்கு எடை போடுகிறாய் என்று விஜயலட்சுமி கேட்டபோது, பாரதி சடங்குக்கு விறகு காயவைக்கிறேன் என்று பொய் சொன்னேன். சடங்குக்கு யாராவது கருவேலங்கட்டைக்குச் சுண்ணாம்பு வைத்து எடை போடுவார்களா. அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு ரிஷிவந்தியத்தில் இருக்கிற என் நாத்தனார் இசைவாணிக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஆடி மாதம் இசைவாணி பஸ் இறங்கி நேராகக் கொட்டாய்க்குப் போனாள். வீட்டுக்குள் வரவே இல்லை. நாலு வரிசையையும் ஒரு பார்வை பார்த்தாள். தெருவில் குழாயடியில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"எங்கப்பா உசுரோட குந்திகினு இருக்கறப்பவே வெறவு அடுக்கி வெச்சிருக்கீங்களே அண்ணி, எப்ப சாவாருன்னு தேதியும் குறிச்சாச்சா?"

நானாகச் செய்யவில்லை என்றேன். மாமாவும், நான்தான் கேட்டேன் என்று கட்டிலில் இருந்தபடி மூச்சு வாங்கச் சொன்னார். அவள் நம்பவில்லை. நான் சொல்லிக் கொடுத்து அவர் சொல்கிறார் என்றாள். மழைக்குள் அவருக்கு ஏதாவது ஆனால் அது நீங்கள் விறகு அடுக்கின நேரம்தான், உங்களைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அன்றையிலிருந்து குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் புருஷனும் போனில், ஏன் மணி உனக்கு இந்த வேலை என்றார். வந்து நீங்கள் சொல்லுங்கள் உங்கள் அப்பாவிடம் என்று போனை வைத்தேன்.

புரட்டாசியில் கட்டை ஐந்தே முக்கால் கிலோவில் நின்றது. பதினைந்து நாள் கழித்தும் அதே ஐந்தே முக்கால். முனையெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. இரண்டு துண்டை எடுத்துத் தட்டினேன், கோயில் மணியில் கை பட்டதுபோல ஒரு சத்தம். மாமா தலையை ஆட்டினார். அன்றையிலிருந்து மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார்.

பிறகு ஐப்பசி வந்தது, மழையும் வந்தது.

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. இருக்கிறது என்றால் மூலையில் நிற்கிறது. காலையில் டீ போடுவதோடு சரி, மற்றதெல்லாம் விறகு அடுப்புதான். அந்த ஐப்பசியில் அதுவும் தீர்ந்துபோய், மழையில் வேலை இல்லாமல் மாற்றக் காசில்லை. என் அடுப்புக்கென்று மரவள்ளிக் குச்சியும் சோளச் சக்கையும் சேர்த்து, யாரோ ஒரு கல்யாண ஜோடி சிரிக்கிற பிளக்ஸ் பேனரால் மூடி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் காற்றில் ஜோடி கிழிந்து போய்விட்டது. குச்சியெல்லாம் ஊறிப்போனது. அதை வைத்து ஊதினேன், ஊதினேன், வீடெல்லாம் புகை. இருப்பதே ஒரு அறை. மாமா சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். அடுப்பு பிடித்து முடிப்பதற்குள் அவர் கண் செருகி, பாரதி பயந்துபோய்த் தாத்தா தாத்தா என்று முதுகைத் தேய்த்தாள்.

ஆஸ்பத்திரியில், புகை ஆகவே ஆகாது, குடிக்கவும் உடம்பு துடைக்கவும் சுடுதண்ணீர்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சுடுதண்ணீர் வேண்டும், புகை வரக்கூடாது. எழுதிக் கொடுத்த சீட்டில் விறகுக்கு வழி இல்லை.

கொட்டாய்க்குப் போனேன். பின் வரிசையில் இருந்து ஒரே ஒரு துண்டு எடுத்தேன். திருடும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வந்து, சிம்பு சிம்பாகப் பிளந்து அடுப்பில் வைத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி எரிந்தது. புகையே இல்லை. தண்ணீர் கொதித்தது, கஞ்சி கொதித்தது, மாமா ஒரு தடவைகூட இருமவில்லை. அவர் கஞ்சி குடிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்கு வெயில் அடித்தால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். வெயில் அடிக்கவில்லை. ஐப்பசி முழுக்க ஒரு நாளைக்கு ஒன்று. கார்த்திகையிலும் மார்கழியிலும் ஒரு நாளைக்கு இரண்டு. நாலாம் வரிசை முடிந்து மூன்றாவது, மூன்றாவது முடிந்து இரண்டாவது. முன் வரிசையை மட்டும் தொடவில்லை. கட்டிலில் இருந்து பார்த்தால் கதவு வழியாக அந்த முன் வரிசை தெரியும், சுண்ணாம்புக் கட்டையும் தெரியும். ஒற்றை வரிசை சாய்ந்துவிடாமல் பின்னால் ஊறின மரவள்ளிக் குச்சியைக் கட்டுக்கட்டாக முட்டுக் கொடுத்து வைத்தேன். பாரதியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல. விறகு எடுக்காவிட்டால் புகையில் மனுஷன் போய்விடுவார். எடுத்தால், மழையில் அவர் போகிற அன்றைக்கு விறகு இருக்காது, மாமியாருக்கு நடந்ததே அவருக்கும் நடக்கும். அவர் தூங்கினாலும் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். இந்த மழை முடிகிற வரைக்கும் இருங்கள் மாமா என்று மனசுக்குள் கெஞ்சுவேன். அது அவர்மேல் இருந்த பாசமா, என் குட்டு வெளிப்படக்கூடாது என்கிற பயமா, எனக்கே தெரியாது. இரண்டும்தான்.

தை பிறந்து வெயில் வந்தது. மாமா இருந்தார். மெலிந்து, ஒரு கை விறகு மாதிரி இருந்தார், ஆனால் இருந்தார். பொங்கல் முடிந்த மறுநாள், என்னைக் கொட்டாய்க்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். தூக்கிக்கொண்டு போய் அடுக்குக்கு எதிரில் உட்காரவைத்தேன். சுண்ணாம்புக் கட்டையைத் தடவிப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

"பின்னாடி ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் மணி."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும். ஐப்பசிலேந்து நான் இருமவே இல்லியே. பச்சக் குச்சில பொக வராம எரியுமா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நல்லா எரிஞ்சிச்சா?"

"நல்லா எரிஞ்சிச்சு மாமா. ஊதவே வேணாம்."

"அப்ப சரி" என்றார். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானை நனைந்தது. அழுதது போதும், வெயிலில் கொஞ்ச நேரம் குந்துகிறேன், போய் வேலையைப் பார் என்று துரத்திவிட்டார்.

மழையில் போவேன் என்று சொன்ன மனிதர் பங்குனி வெயிலில் போனார். மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது மூச்சு இல்லை. என் புருஷன் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். இசைவாணி தலையில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஆண்கள் டிராக்டரைக் கொட்டாய்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். ஊருக்கே தெரிந்த விறகுதானே. முதல் நாலு துண்டை உருவினதும் அடுக்கு பொலபொலவென்று சரிந்தது. பின்னால் வெறும் மரவள்ளிக் குச்சி. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அழுகையை நிறுத்திவிட்டு இசைவாணி எழுந்து வந்தாள். இத்தனை பேர் எதிரில் அவள் கேட்கப் போவது எனக்குத் தெரியும், ஆனால் ஓடி ஒளிய உடம்பில் தெம்பு இல்லை.

"மீதி வெறவு எங்க அண்ணி? வித்துட்டீங்களா?"

"விக்கல. மழ முச்சூடும் உங்கப்பாவுக்கு அதுலதான் சுடுதண்ணி வெச்சேன். அதுலதான் கஞ்சி காய்ச்சுனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து சுண்ணாம்பு வைத்த கட்டையைத் தூக்கி, சுமக்க முடியாமல் சுமந்து, அவளே டிராக்டரில் வைத்தாள். நான் அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். குறைந்த விறகுக்குக் கண்ணாயிரம் தொட்டிக்கே ஆள் போனது. அந்த வெயிலில் அவன் எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் விறகில் ஈரம் நிற்காது.

பொழுது சாய்வதற்குள் ஆண்கள் திரும்பிவிட்டார்கள். என் புருஷன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சீக்கிரமே முடிஞ்சிட்டுது மணி. பொகையே இல்ல" என்றார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. விஜயலட்சுமிதான் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல எழுந்து, சுடுதண்ணிக் குண்டானில் பாதி தண்ணீர் மொண்டு ஊற்றின பிறகுதான் ஞாபகம் வந்தது. இனிமேல் கொஞ்சம் ஓய்வு என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு வந்துவிட்டது, அலுப்பு போகவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குண்டானைக் கவிழ்த்து வைக்க எனக்கு மனசு வராமல், அடுப்பெதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.